ஒரு வரி அதிகம்

"பிள்ளைங்கள அழ வச்ச ஆளுக்கு நூலகத்துல ஃபேனுக்குக் கீழ கதிரை. ஒழுங்கா வேலை செஞ்ச எனக்குப் பரீட்சைப் பிரிவு ஜன்னல். இது எந்த ஊர் நியாயம், சேர்?"

பிரதிப் பதிவாளர் மாணிக்கவாசகம் உட்காரச் சொன்னார். வித்தியா உட்காரவில்லை. அலுவிகாரையில் பஸ் ஏறியதிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு அது. உட்கார்ந்து சொன்னால் பாதி சூடு போய்விடும்.

கையில் நேற்று வந்த உத்தரவு கசங்கிக் கிடந்தது. 'தற்காலிக ஆள்மாற்றம், ஆறு மாதம்.' நூலக உதவியாளர் வித்தியா பரீட்சைப் பிரிவுக்கு, பரீட்சைப் பிரிவு லோஜன் நூலகத்துக்கு. திங்கட்கிழமையிலிருந்து.

லோஜனை அந்தப் பல்கலைக்கழகத்தில் அறியாதவர்கள் இல்லை. பெறுபேற்றுச் சான்றிதழ் கேட்டு ஜன்னலுக்கு வருகிற பிள்ளைகளை ஒரு படிவத்துக்காக மூன்று நாள் அலைய வைப்பார். போன மாதம் ஸஹ்னா என்ற முதலாம் வருட மாணவி காலையிலிருந்து நின்று, கடைசியில் 'நாளைக்கு வா' என்ற பதிலோடு நூலகத்துக்கு வந்து அழுதாள். சீகிரியாவுக்குப் போகிற கடைசி பஸ்ஸையும் விட்டிருந்தாள். அன்றைக்கு அவளைச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டது வித்தியாதான். அதன் பிறகு லோஜனைப் பற்றி முறைப்பாடு போனதும், மேலிடம் யோசிக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். யோசித்த லட்சணம் இதுதான்.

"விசாரணைன்னா ஒரு வருஷம் இழுக்கும்மா," என்றார் மாணிக்கவாசகம். "ஆள்மாற்றம்னா ஒரு கையெழுத்தோட முடிஞ்சிரும்."

அவருக்கு முடிந்துவிடும். வித்தியாவுக்கு? பதவி உயர்வுக்கு நூலகத்தில் இடைவெளி இல்லாமல் ஐந்து வருடம் வேண்டும். இன்னும் இரண்டே மாதம் பாக்கி. இப்போது ஆறு மாதம் வெளியே போனால் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அதைச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்காகவும் கோபம் வந்தது.

"ஒரு நாளாவது நூலகப் பக்கம் வந்து பார்த்திருக்கீங்களா சேர்? கிழிஞ்ச புத்தகத்தை ஒட்டுறது யாரு? சுவரில இருக்கிற அறிவித்தல் அத்தனையும் கையால எழுதுறது யாரு? அங்க அஞ்சு பேர் இருக்கோம். ஏன் என்னையே புடிச்சீங்க?"

"நான் புடிக்கல்ல. பிள்ளைங்கதான் உங்களக் கேட்டிருக்காங்க."

அவர் கோப்பைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பெயர் இல்லை, 'பாதிக்கப்பட்ட மாணவர்கள்' என்று மட்டும் இருந்தது. கையால் எழுதிய இரண்டு பக்கம், லோஜனைப் பற்றி நாள் வாரியாக, நேரம் வாரியாக. அதையெல்லாம் தாண்டி கடைசி வரிக்குப் போய் நிதானமாக வாசித்தார்.

"'நூலகத்தில் பணிபுரியும் வித்தியா மிஸ்ஸைப் போல அன்பும் பொறுமையும் உள்ள ஒருவர் அந்த ஜன்னலில் இருந்தால் எங்கள் கண்ணீர் நிற்கும்.' பதிவாளர் இதப் பார்த்துட்டு, 'அவங்களைப் போல ஒருத்தரை எதுக்குத் தேடணும், அவங்களையே போடுங்க'ன்னு சொல்லிட்டாரு."

 பெயரில்லாத கடிதத்தை நம்பி இப்படிச் செய்யலாமா என்று வித்தியா மெதுவாகக் கேட்டாள். லோஜனைப் பற்றி எழுதியிருப்பது பொய்யா என்று அவர் திருப்பிக் கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் கடைசி வரி மட்டும் எப்படிப் பொய்யாகும் என்றார். 

மாணிக்கவாசகம் கெட்டவரல்ல. அவள் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டது.

"சரி, உங்க பதவி உயர்வு விஷயம் பதிவாளருக்குத் தெரியாது. நாலு வரி எழுதித் தாங்க. இந்தக் கடிதத்தோட சேர்த்து வைக்கிறேன். இன்னைக்கே ரத்தாகிரும்."

டைப் செய்து கொண்டு வருவதாகச் சொன்னாள். நேரமில்லை, பத்து மணிக்குப் பதிவாளர் கண்டிக்குப் புறப்படுகிறார், கையால் எழுதினால் போதும் என்று வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

அப்போதுதான் வித்தியா உட்கார்ந்தாள். 'பதிவாளர் அவர்கட்கு' என்று எழுதினாள். பக்கத்தில் விரிந்து கிடந்த கடிதத்தை ஒரு தரம் பார்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுதிய தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வேணாம் சேர். நான் திங்கட்கிழமை போறேன். பிள்ளைங்க பாவம்."

இவ்வளவு நேரம் சண்டை போட்ட பெண்ணா இவள் என்று அவருக்கு ஆச்சரியம். இப்படிப்பட்டவள் வேலை செய்கிற இடத்தை நாளைக்கே வந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

வித்தியா நூலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி, சுவரில் இருந்த அறிவித்தல்களை ஒன்று விடாமல் கிழித்தெடுத்தாள். ஸஹ்னா அழுத அன்று லோஜனைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதி முடித்தவள், பதவி உயர்வுக்கு உதவட்டுமே என்று அந்தக் கடைசி வரியைச் சேர்க்காமல் இருந்திருக்கலாம்.