சின்ன மகள் வேடம்

எந்தத் தியேட்டர் என்பது மாசிலாமணிக்கு இப்போது சரியாக நினைவில்லை. பழைய ஆங்கில நாடகமொன்றைப் படமாக எடுத்திருந்தார்கள். நாட்டை மூத்த மகள்களுக்குக் கொடுத்து ஏமாந்த ராஜாவை, அவர் விரட்டிவிட்ட கடைசி மகளே மன்னித்து ஏற்றுக்கொள்வாளாம். வீட்டை மூத்தவர்கள் இருவருக்கும் எழுதிக்கொடுத்துவிட்டுத் தங்க இடமில்லாமல் நின்ற மாசிலாமணி, அதைக் கேள்விப்பட்டுத்தான் சின்னவள் பூங்கோதையைப் படத்துக்கு அழைத்துப்போனார்.

"ராஜா எப்படிம்மா?" என்றார், வெளியே வந்ததும்.

"வேஷத்துக்குப் பொருத்தமான ஆளுப்பா. பாத்தாலே எரிச்சலா வருது."

"சின்ன மக?"

"அவதான் மட்டம். அப்பனைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கிறா. எவ அப்படிச் செய்வா, சொல்லுங்க?"

மாசிலாமணி பேருந்துக்குச் சில்லறை எடுத்தார்.

மூத்தவர்கள் வீட்டை இடித்து ஆளுக்கொரு மாடி கட்டிக்கொண்டார்கள். பூங்கோதை மாற்றலாகி வடக்கே போய்விட்டாள். மாசிலாமணி முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.