இளைப்பாறவா, வலி தீரவா?

“ஐயோ, கொல்றாளே! யாராவது வாங்களேன்!”

எலிஹியோவின் அலறல் லோஸ் மினா தெருக்கோடி வரை கேட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை. யுடெல்காவின் மசாஜ் அறையிலிருந்து இப்படிச் சத்தம் வருவது புதிதில்லை. ஆனால் டோமினோ இறுதி ஆட்டத்துக்கு இரண்டே மணி நேரம் இருக்கும்போது, எதிராளியின் பெண்டாட்டியிடம் போய்க் குப்புறப் படுத்தானே, அதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை.

அவனுக்கு வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் இரட்டை ஆறுப் புள்ளிக் காயை மேஜைமேல் ஓங்கி அடித்ததில் வலது தோள் அப்படியே பூட்டிக்கொண்டது. காயை மெல்ல வைக்கிறவனை இந்தத் தெருவில் ஆட்டக்காரன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதிலும் எலிஹியோ, மூன்று வருடமாக இறுதி ஆட்டத்தில் யுடெல்காவின் புருஷன் ராதாமேஸிடம் தோற்று, ‘ரெண்டாவது’ என்ற பட்டப்பெயரோடு திரிகிறவன். நாலாவது முறையும் தோற்றால் அவன் பெண்டாட்டியே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள்.

“இளைப்பாறுற மசாஜா, வைத்திய மசாஜாண்ணே?” என்று யுடெல்கா கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை.

“இளைப்பாறுறதே போதும் தங்கச்சி. மெழுகுவத்தி, பாட்டு எல்லாம் உண்டுல்ல?”

“உண்டு. ஆனா அதுல படுத்தவங்க சாயங்காலம் வரைக்கும் சொக்கிப்போய்க் கிடப்பாங்க. எப்ப பூட்டிச்சு? கையை எதுவரைக்கும் தூக்க முடியுது? ராத்திரி எந்தப் பக்கம் படுக்கிறீங்க?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கு?”

“இளைப்பாற வந்தவங்ககிட்ட எந்த எண்ணெய் வேணும்னு மட்டும்தான் கேப்பேன். வலியோட வந்தவங்ககிட்ட எல்லாத்தையும் கேட்டாகணும்.”

கேட்டுக்கொண்டே தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரலால் தடவி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். பிறகு அதன்மேல் முழங்கையை வைத்து, தன் எடை மொத்தத்தையும் சாய்த்தாள்.

“உன் புருஷன் ஜெயிக்கணும்னு என் கையை ஒடிக்கிறியா, பாவி!”

“மூச்சை இழுத்து விடுங்கண்ணே. அசையாதீங்க.”

அவன் போட்ட கூச்சலுக்கு ஜன்னலுக்கு வெளியே மூன்று ஆடுகள் பதில் குரல் கொடுத்தன. மூன்றும் ராதாமேஸ் வருடத்துக்கு ஒன்றாக வென்ற பரிசுகள். “கோப்பையைப் போய் எவனாவது குழம்பு வைப்பானா?” என்று சொல்லி அவன் ஒன்றையும் வெட்ட விடவில்லை. அவை யுடெல்காவின் மசாஜ் துண்டுகளைத் தின்றே கொழுத்திருந்தன. இந்த வருடப் பரிசும் ஆடுதான்.

நாலு மணிக்கு மூலைக் கடை வாசலில் மேஜை போட்டார்கள். எலிஹியோ தோளைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட பூனை மாதிரி வந்து உட்கார்ந்தான். போச்சு, எல்லாம் போச்சு என்றே அவனுக்குத் தோன்றியது.

ராதாமேஸ் ஆடி அசைந்து வந்தான். புது வெள்ளைச் சட்டை, எண்ணெயில் பளபளக்கும் பிடரி, கன்னத்தில் படுக்கை விரிப்பின் தடம். வாய் கொள்ளாத கொட்டாவி ஒன்றை விட்டுவிட்டு, “என்னடா ரெண்டாவது, கையைக் கொண்டு வந்தியா, இல்ல என் வீட்டுலயே வச்சிட்டு வந்திட்டியா?” என்றான். தெருவே சிரித்தது.

எலிஹியோ பல்லைக் கடித்துக்கொண்டு முதல் காயை எடுத்தான். கை மார்பைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. காதையும் தாண்டி மேலே போனது! அவன் அடித்த அடியில் ரம் குவளைகள் துள்ளின, கடைக்காரரின் ரேடியோ பச்சாட்டாப் பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தது. வலி இருந்தது, ஆனால் கை நினைத்த இடத்துக்கெல்லாம் போயிற்று. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரே கொண்டாட்டம்தான். அவன் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் மேஜையோடு சேர்ந்து குதித்தது. அத்தனை ரகளையிலும் ராதாமேஸ் அசை போடுகிற மாடு போல அரைக்கண்ணோடு உட்கார்ந்திருந்தான். அவனோடு ஜோடி சேர்ந்து ஆடிய கூட்டாளி இரண்டு தடவை மேஜைக்கு அடியில் அவனை உதைத்துப் பார்த்தான்.

கடைசிச் சுற்று வந்தது. ராதாமேஸ் தன் காய்களை வெகுநேரம் வெறித்துப் பார்த்தான்.

“பாஸ்,” என்றான், போடக் காய் இல்லை என்று.

அவ்வளவுதான். எலிஹியோ தன் கடைசிக் காயை வானத்திலிருந்து இறக்குவதுபோல இறக்கினான். மிச்சக் காய்களைத் திருப்பிப் பார்த்தபோது, ராதாமேஸ் போட்டிருக்கவேண்டிய நாலுப் புள்ளிக் காய், தூக்கக் கலக்கத்தில் அவன் கவனிக்காமலே, அவன் கையில் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. அவனுடைய கூட்டாளி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

“ரெண்டாவதுன்னு இனிமே எவனாவது சொல்லுங்கடா பாக்கலாம்!” என்று எலிஹியோ பரிசு ஆட்டைத் தூக்கி வலது தோளிலேயே போட்டுக்கொண்டு தெரு முழுக்க ஆடினான். ஆடு மிரண்டு கத்தியது. அவன் அதைவிட உரக்கக் கத்தினான்.

ராதாமேஸ் கண்ணைக் கசக்கியபடி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பெண்டாட்டியிடம் வந்தான்.

“ஏண்டி, அவனுக்கு மெல்லத் தடவிச் சொக்க வைக்கிற மசாஜைப் பண்ணி அனுப்புன்னு உன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

யுடெல்கா புடைத்திருந்த முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“பண்ணினேனே. மத்தியானம் சாப்பிட்டதும், உனக்கு!”