மெத்தையில்லாத பெஞ்சு

“நாளைக்கு அம்மா வர்றாங்க. ‘எந்நேரமும் அந்தப் பொட்டி முன்னால என்ன மாப்பிள்ளை?’ன்னு மறுபடி ஆரம்பிப்பாங்க” என்றாள் மனைவி.

வீடியோ எடிட்டர் அசரவில்லை. ஹாலுக்கென்று செய்த மரப்பெஞ்சின் வயிற்றுக்குள் கம்ப்யூட்டரை இறக்கினார். சுவரில் ஓட்டை போட்டு, ஒயரை இழுத்து, திரையைப் படுக்கையறைக்குக் கடத்தினார்.

“பெஞ்சுக்கு மெத்தை?”

“போட்டா உங்கம்மா எழுந்திரிப்பாங்களா?”

வந்த மாமியார் பெஞ்சில்தான் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி மூச்சு விடவில்லை. எடிட்டரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கல்யாண வீடியோவையே முடித்துவிட்டார்.

ஐந்தாம் நாள், மாமியாரை ஊருக்கு வழியனுப்ப, அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

“பையை உள்ள வைங்க மாப்பிள்ளை. இந்தப் பெஞ்சு கதகதன்னு ஒத்தடம் குடுக்குது. மூட்டுவலி போன இடம் தெரியல. நான் இனிமே இங்கேயே இருந்துடறேன்.”

மனைவி கணவரை முறைத்தாள். “முதல்ல போய் அதை அணைச்சுத் தொலைங்க!”

ஓடிப்போய் அணைத்தார். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது, ஹாலிலிருந்து குரல் வந்தது:

“மாப்பிள்ளை, பெஞ்சு ஆறிப்போச்சு! எந்நேரமும் என்ன வெட்டியா நிக்கிறீங்க? போய் அந்தப் பொட்டி முன்னால உட்காருங்க!”