கதவைத் திறப்பவள்

கணக்கெடுக்க வந்தவர் முதல் வீட்டுக் கதவைத் தட்டியபோது மாடத்தி திறந்தாள். அவள் ஒருத்திதான் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டைத் தட்டினார். அங்கேயும் அவளே திறந்தாள். கொல்லைப்புறமாக ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போனவர்கள் எல்லோரும் வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“உங்களை எழுதியாச்சும்மா.”

“அது என் வீடு. இது சுடலைக்கண்ணு வீடு. கோயில் கொடைக்குக் குடும்பத்தோட வருவாக. அவுகளையும் எழுதுங்க.”

“இங்க குடியிருக்கிறவங்களைத்தான் எழுத முடியும். ஆளில்லாத ஊருக்குக் குடிதண்ணிக் குழாய் எதுக்குன்னு மேல கேக்குறாங்க.”

“தண்ணி இல்லாமத்தான சார் போனாக.”

சுடலைக்கண்ணு வீட்டுச் செம்பிலேயே ஊர்க் கிணற்றுத் தண்ணீரை நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர் உப்புக் கரிக்கவே முகத்தைச் சுளித்தார். அதற்கடுத்த வீட்டிலும் அவள்தான் திறந்தாள். அந்த வீட்டுச் செம்பில் அதே தண்ணீர். அவர் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

“ஒரு வாய்க்கே வேண்டாங்கீக. இந்த வீட்டுல பிள்ளைகள இதக் குடுத்துத்தான் வளத்தாக.”

வெயிலில் வியர்த்து நனைந்த சட்டையோடு தெருக்கோடி வீட்டுக்கு வந்தவர், கதவைத் தட்டாமலே பேனாவைத் திறந்தார். உள்ளேயிருந்து இரைக்கிற மூச்சோடு குரல் வந்தது.

“தட்டுங்க சார். தட்டிப் பாக்காம ஆளில்லன்னு எப்படி எழுதுவீக?”