சுத்தமான வகுப்பு

ஒரு பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பது வயதில் மரியநாயகம் மறுபடியும் மாணவர். ஆசிரியப் பயிற்சியின் கடைசிக் கிழமை. வெக்ஸ்போர்ட் பள்ளிக்கூடத்தில் ஒரு முதலாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்காட்டி, வகுப்பாசிரியை மிசிஸ் கிளார்க்கிடம் பாஸ் வாங்க வேண்டும்.

"உங்கள் வகுப்பு எப்போதும் துடைத்துவைத்ததுபோல இருக்கிறது. அதுதான் குறை," என்றார் அவர். "சின்னப் பிள்ளைகள் அள்ளிக் கொட்டித்தான் படிப்பார்கள். பெயின்ற் கொடுங்கள், மினுங்குகிற கிளிற்றர் தூள் கொடுங்கள். நாளைக்கும் இப்படியென்றால் பாஸ் கிடையாது."

"நிலமெல்லாம் கொட்டுமே?"

"கொட்டட்டும். கூட்டுவதற்குத்தான் பின்னேரம் ஆள் வருகிறதே!"

மரியநாயகம் நிலத்தில் கிடந்த ஒரு கடதாசித் துண்டைக் குனிந்து எடுத்தார்.

மறுநாள் கிளிற்றர் போத்தல்களைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் கூத்தடித்தார்கள். மேசை, கதிரை, நிலம் எல்லாம் மினுங்கின. மிசிஸ் கிளார்க் எழுந்துவந்து கைகுலுக்கினார்.

மரியநாயகம் வீட்டுக்கு வந்து சோறு வடித்துவைத்துவிட்டு, சாப்பிடாமல் காத்திருந்தார்.

வேலை முடிந்து வந்த மனைவி செலீன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் விழுந்தாள். அவளுடைய தலைமயிரெல்லாம் மினுங்கியது.

"செலீன், இண்டைக்கு..." என்று மென்று விழுங்கினார்.

"சொல்ல வேண்டாம். உங்கட வகுப்பைக் கூட்டேக்கையே விளங்கீற்றுது," என்றாள் அவள், கண்ணை மூடியபடி. "பாஸ் பண்ணீட்டியள், என்ன?"