பதினேழாம் நாற்காலி

அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிற அன்று மட்டும்தான் டாக்டர் அருள்நேசன் அந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்கு வருவார். மற்ற நாட்களில் அவருடைய பதிவுச் சான்றிதழ்தான் அங்கே வேலை பார்த்தது. அவருக்கு ஊரில் டைல்ஸ் கடை. பல்லைத் தொட்டு ஒன்பது வருடமாகிறது. பதினேழாம் நாற்காலியில், நோயாளியாக நடிக்க வேனில் கூட்டிவந்த வெள்ளத்தாய் சாய்ந்திருந்தாள். வாயைச் சும்மா திறந்து வைத்திருந்தால் போதும், மத்தியானம் பிரியாணி என்று சொல்லியிருந்தார்கள். அவர் குனிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, எனக்கு நெசமாவே வலிக்கு. நாலு நாளா உறக்கமில்ல. புடுங்கி விட்டுருங்க.” கீழ்க் கடைவாய்ப்பல் கறுத்து, பாதிக்கு மேல் அரித்திருந்தது. மரத்துப்போக ஊசி போட்டார். இடுக்கியை எடுத்துப் பல்லருகே கொண்டுபோனார்; எந்தப் பக்கம் அசைத்து எடுப்பது என்பதே மறந்திருந்தது. திரும்ப வைத்துவிட்டார். அதற்குள் அதிகாரிகள் வந்து, சான்றிதழிலிருந்த படத்தையும் அவர் முகத்தையும் ஒத்துப் பார்த்து, டிக் அடித்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்கள். வெள்ளத்தாய் மரத்த கன்னத்தைத் தடவினாள். “எடுத்துட்டீகளா? ஒண்ணுமே தெரியலையே,” என்றாள், நாக்குக் குழற. அவர் பஞ்சை உருட்டி அந்தப் பல்லின்மேல் வைத்தார். “ஆச்சும்மா. இறுக்கிக் கடிச்சுக்கோங்க.” “மகராசனா இருப்பீக,” என்று கும்பிட்டுவிட்டு, பிரியாணிப் பொட்டலத்தோடு வேனில் ஏறினாள். ஊர் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று அவர் டிரைவரிடம் கேட்டார். “மூணு மணி நேரம் சார்.” அவர் போட்ட ஊசி இரண்டு மணி நேரம்தான் தாங்கும்.