ஷோவுக்கு முன் ஒரு கிண்ணம்

மேடை ஏறப்போகிற பாடகிக்கு யாராவது ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பார்களா? ஸ்டெப்னி வாங்கிக் கொடுத்தாள்.

ஸ்டெப்னி என்பது குழுவில் அவளுக்கு வைத்த பெயர். இசை நாடகத்தில் ராணி வேஷம் கட்டுகிறவளுக்கு முடியாமல் போனால் இவள் போய்ப் பாட வேண்டும். அதற்காக எல்லாப் பாட்டையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு திரைக்குப் பின்னால் காத்துக் கிடக்கிறாள். அந்த ராணி வேஷக்காரியைக் குழுவில் மகாராணி என்பார்கள். அவளுக்கோ ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அது என்ன உடம்போ.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் இன்றைக்கு அப்பா வந்துவிட்டார்.

அப்பா லாரி ஓட்டுகிறவர். கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து இடுப்பொடிய வந்திருக்கிறார், மகள் ராணியாகப் பாடுவதைப் பார்க்க. நான்தான் ராணி என்று போனில் அளந்துவிட்டது இவள்தான். மத்தியான ஷோ. திரை தூக்கியதும் சாயம் வெளுத்துவிடும்.

எப்போதும் மேக்கப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கிறவள், அப்பாவுக்காக அரங்கத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலுக்குள் நுழைந்தாள். பர்ஸை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு நுழைகிற ரகம். சுவரெல்லாம் நாடக போஸ்டர். அப்பா உற்றுப் பார்த்துவிட்டு, முகம் வேற மாதிரி இருக்கேம்மா என்றார். மேக்கப் போட்டா அப்படித்தான்ப்பா என்று சமாளித்தாள்.

அந்த நேரம் பார்த்து மகாராணி உள்ளே வந்தாள். மேக்கப் இல்லை, தலையைக்கூட ஒழுங்காக வாரவில்லை. அப்படியும் பளிச்சென்று இருந்தாள். ஸ்டெப்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்வர் ஓடிப்போய் மூலை மேஜையைத் துடைத்தார். அவளோ நேராக இவர்களிடம் வந்து, உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தும்விட்டாள்.

அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"எம் பொண்ணுதாம்மா இதுல ராணி. நீங்க என்ன வேஷம்?"

ஸ்டெப்னி தலையைக் குனிந்துகொண்டு சாப்பாட்டைப் பிசைந்தாள். மகாராணி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"நானும் அதே நாடகம்தாங்க."

 பிறகு, உங்களுக்கு எங்கே சீட் என்று கேட்டாள். முதல் வரிசையே வாங்கிவிட்டேன், பொண்ணு முகம் நன்றாகத் தெரிய வேண்டாமா என்றார் அப்பா. மகாராணி சிரித்தாள்.

சிரிப்பைப் பார், எவ்வளவு இளக்காரம் என்று ஸ்டெப்னிக்கு வயிறு எரிந்தது. முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, தினம் கைதட்டல் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு மத்தியானம் கிடைக்கக் கூடாதா?

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. ஷோ நாளில் சில்லென்று எதுவும் தொண்டையில் இறங்கக் கூடாது என்பது டைரக்டர் போட்ட சட்டம்.

"அக்கா, ஒரு ஐஸ்கிரீம் சாப்பிடுங்களேன். நான் வாங்கித் தரேன்."

வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தாள். மகாராணி அப்பாவை ஒருமுறை பார்த்தாள், இவளை ஒருமுறை பார்த்தாள். டைரக்டரிடம் போட்டுக் கொடுத்துவிடாதே என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். ஒவ்வொரு ஸ்பூனும் உள்ளே போவதை ஸ்டெப்னி பார்த்துக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டணும் சாமி.

கட்டியது.

முதல் மணி அடிப்பதற்குள் மகாராணி கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கிரீடத்தைக் கொண்டுவந்து ஸ்டெப்னியின் தலையில் வைத்தார்.

பாடினாள். குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து கைதட்டியவர் அப்பாதான். கண்ணைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் திரையோரம் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு மகாராணியும் கைதட்டுவதைப் பார்த்தபோது, ஸ்டெப்னியின் சந்தோஷம் பாதியாகிவிட்டது. அவளுடைய குரலை அல்லவா பறித்துவிட்டோம்? திரும்ப வருமோ, வராதோ?

அப்பா டீ குடிக்க வேண்டும் என்றார். அதே ஹோட்டல். போஸ்டரைவிட நேரில்தான் நீ நன்றாக இருந்தாய் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஸ்டெப்னி சர்வரை மெல்லக் கூப்பிட்டாள். மத்தியானம் எங்களோடு சாப்பிட்ட அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஒரு பிளாஸ்க் வெந்நீர் தர முடியுமா, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றாள்.

"மூலை டேபிள் அம்மாவுக்கா? எதனால கட்டிச்சாம்?"

"ஐஸ்கிரீம்..." என்பதற்குள் அவளுக்கே குரல் கம்மிவிட்டது.

சர்வர் சிரித்துவிட்டார்.

"அவங்களுக்கு ஐஸ்கிரீம்ல தொண்டை கட்டுமா? நல்லாச் சொன்னீங்க போங்க. ஷோ இருக்கிற அன்னைக்கெல்லாம் அந்த மூலையில ஒளிஞ்சு உட்கார்ந்து ரெண்டு கிண்ணம் சாப்பிட்டுட்டுத்தான் பாடவே போவாங்க. இன்னைக்குத்தான் ஒண்ணோட எழுந்துட்டாங்க. வாசல்ல வெச்சு, ரெண்டாவது வேணாமாம்மான்னு கேட்டேன். 'இன்னைக்கு எனக்குப் பாட்டு இல்லப்பா, அந்தப் பொண்ணோட அப்பா வந்திருக்காரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."